இருந்தது யார், இல்லாதது யார்

அன்றைக்கு பிரவுசிங் சென்டரில் இருந்தவர்கள்: நான், ஓனர் பாய், நாலாம் நம்பர் மெஷினில் ரிசல்ட் பார்த்துக்கொண்டிருந்த ஒரு காலேஜ் பெண், அவளோடு வந்த அவளுடைய அப்பா, அப்புறம் அக்கா. இல்லாதவர்கள்: கீழ்க்கடை டெய்லர், காய்ச்சல் என்று கடையைப் பூட்டியிருந்தார். அக்காவின் தம்பி. அவரை வேனில் ஏற்றிக்கொண்டு போய் மூன்று நாள் ஆகியிருந்தது. எங்கே என்று யாருக்கும் தெரியாது.

ஒரு விஷயத்தை இப்படி ஆரம்பிப்பது என் பழக்கமில்லை. அக்காவுடையது. அவரிடம் எதைச் சொல்லப் போனாலும், பஸ்ஸில் பர்ஸ் அடித்த கதையானாலும் சரி, கையைத் தூக்கி நிறுத்துவார். "பொறு. இருந்தது ஆர், இல்லாதது ஆர்? அதைச் சொல்லிப்போட்டு மிச்சத்தைச் சொல்லு." எத்தனையோ நாள் எரிச்சலாக வந்திருக்கிறது. ஒரு ஜோக்கைக்கூட அவரிடம் நேராகச் சொல்ல முடியாது.

அவர் பெயரை எழுதப் போவதில்லை. ஊரும் வேண்டாம். திருகோணமலைப் பக்கத்து அகதி, கடலூருக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு முகாமில் இருந்தார் என்பது போதும். அப்போது முப்பத்தாறு, முப்பத்தேழு வயது இருக்கும். டெய்லர் கடைக்கு ஜாக்கெட் ஹெம்மிங் செய்து ஹூக் வைத்துக் கொடுப்பார். சனிக்கிழமை காலையில் கடலூரிலிருந்து பஸ் பிடித்து, மடியில் துணி மூட்டையோடு சிதம்பரம் மேலவீதிக்கு வந்து இறங்குவார். மூட்டையைக் கீழே கொடுத்துவிட்டு மாடியேறி எங்களிடம் வருவார். நான் அப்போது காலேஜில் இரண்டாம் வருஷம். மதியம் வரை சென்டரில் வேலை.

போலீஸ் சொல்லியிருந்ததால் வருகிறவர்கள் எல்லோரும் அடையாள அட்டை காட்டி நோட்டில் எழுத வேண்டும். அக்காவிடம் இருந்தது முகாம் அட்டை ஒன்றுதான். அதைக் காட்டினால் அடுத்த வாரமே முகாம் வாசலில் சாதா உடுப்பில் ஒருத்தர் வந்து, "என்னம்மா, சிதம்பரத்துல கம்ப்யூட்டர்ல என்ன வேல?" என்று கேட்பார். அதனால் அவருக்குப் பதிலாக நோட்டில் என் பெயரை எழுதிவிடுவேன்.

"ஏம்ப்பா, நோட்டுப்படி இந்த மாசம் நீயே நாலு தரம் வந்து ஒக்காந்திருக்கே. சம்பளத்துல புடிச்சுக்கவா?" என்பார் பாய்.

"புடிங்க பாய். அந்தம்மா வேற இலவசமா டீ குடிக்கிறாங்க, அதையும் சேத்துக்குங்க."

"டீக்கு நான் காசு குடுக்கிறன்," என்பார் அக்கா, திரும்பாமலே. கொடுக்கவும் செய்வார். அந்த நோட்டை இன்றைக்கு எடுத்துப் பார்த்தாலும் அவர் ஒருநாளும் அங்கே வந்ததில்லை.

அவர் எப்படிப்பட்ட ஆள் என்று எனக்குத் தெரிந்தது சுனாமிக் கதையில். நான் கடலூரை ஒட்டிய குப்பத்துக்காரன். எங்கள் வீட்டில் பத்தாவது தாண்டியவன் நான் ஒருத்தன்தான். அதனால் காலேஜில் யார் கேட்டாலும் அலை வந்த கதையை நான்தான் சொல்வேன். நன்றாகச் சொல்வேன். கட்டுமரம் மின்கம்பத்தில் மாட்டிக்கொண்டது, அம்மா தென்னையைக் கட்டிப்பிடித்து நின்றது, தண்ணீர் கறுப்பாக வந்தது. பசங்க வாயைத் திறந்தபடி கேட்பார்கள். அக்காவிடமும் ஆரம்பித்தேன்.

"நீ எங்க நிண்டனி?"

"ஊர்லதாங்க்கா."

"ஊரில எவடத்தில?"

"வூட்டாண்ட."

"வீட்டடியில ஆர் ஆர் நிண்டவை?"

"அம்மா... பக்கத்து வூட்டு அத்த... தங்கச்சி..."

"நீ?"

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் திட்டக்குடியில் இருந்தேன். அரையாண்டு லீவுக்கு மாமா வீட்டுக்குப் போயிருந்தேன். காலையில் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது டிவியில் பார்த்தேன்.

"அப்ப, 'அம்மா கண்டவ, நான் காணேல்ல' எண்டு துவங்கு," என்றார். "நல்ல கதைதான். ஆனா நீ அதுக்குள்ள இல்லை."

எனக்குக் கோபமான கோபம். வீடு போனது எங்களுக்கு. படகு போனது எங்களுக்கு. நான் அதில் இல்லையாம். ஹூக் வைக்கிற பொம்பளை சொல்கிறது. ஒரு வாரம் அவரோடு சரியாகப் பேசவில்லை. அவர் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை, அது இன்னும் கடுப்பாக இருந்தது.

அவர் ஊரில் நடப்பதை எழுத வலைப்பூ ஆரம்பித்துக் கொடுத்தது நான். சனிக்கிழமை பதினோரு மணிக்கு பாயின் செல்போனுக்கு அவர் தம்பி கூப்பிடுவார். சின்னவன் என்பார் அக்கா. அங்கே டிராக்டர் ஓட்டுகிறவர், நெல்லு, விறகு, சில நாள் செத்தவர்களையும் ஏற்றுகிறவர். அக்கா ஒரு கையால் நோட்டைப் பிடித்துக்கொண்டு மறு கையால் எழுத வேண்டும் என்பதால் போனை ஸ்பீக்கரில் போட்டு மேஜையில் வைப்போம். அதனால் சின்னவன் சொல்வது எனக்கும் கேட்கும். அக்கா எழுதியதை நான் டைப் செய்து ஏற்றுவேன். பாஸ்வேர்டு என்னிடம்தான்.

ஒவ்வொரு பதிவும் ஒரே மாதிரிதான் ஆரம்பிக்கும். இருந்தவர்கள் இத்தனை பேர். இல்லாதவர்கள் இன்னார். பெயர் கிடையாது, கடைக்காரர், வாத்தியார், பால்காரரின் மகள் என்று இருக்கும். பிறகுதான் ஷெல் விழுந்ததோ, ஆளைத் தூக்கியதோ. யார் தூக்கினாலும் எழுதுவார். ஒரு வாரம் ஆமி, ஒரு வாரம் இயக்கம், ஒரு வாரம் யாருடைய ஆட்கள் என்றே தெரியாத முகம் மூடினவர்கள். அதனால் பின்னூட்டத்தில் திட்டுவதற்கு இரண்டு பக்கத்திலும் ஆள் இருந்தது. முதல் வாரம் "பயங்கரவாதியே" என்று திட்டியவன் அடுத்த வாரம் வரமாட்டான், "துரோகியே" என்று வேறொருத்தன் வருவான்.

"ஏங்க்கா, ரெண்டு பேருகிட்டயும் ஒத வாங்கணுமா? ஒரு பக்கம் எழுதுனா ஒரு பக்கமாவது கைதட்டுவான்ல?"

"நான் கைதட்டு வாங்கவோ எழுதுறன்? நாளைக்கு ஒருத்தன் வந்து இப்பிடி ஒண்டும் நடக்கேல்ல எண்டு சொல்லேக்க, அங்க நிண்ட சனம் இவ்வளவு எண்டு கணக்கிருக்கோணும்."

என் கிளாஸ்மேட் ஒருத்தன், ஈழ ஆதரவுக் கூட்டம் நடத்துவதில் ஆர்வமுள்ளவன், அவரைப் பற்றிக் கேள்விப்பட்டு, "மச்சான், அக்காவ நம்ம மேடையில பேச வைடா" என்று பிடித்துக்கொண்டான். நானும் பெருமையாகக் கூட்டிப்போனேன். பேனர், மைக், நூறு நாற்காலி, எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. மேடையேறுவதற்கு முன்னால் என்ன பேசப் போகிறீர்கள் என்று அவன் கேட்டான். அக்கா மறைக்காமல் சொன்னார். அவன் முகம் மாறிவிட்டது.

"அந்தப் பாதிய மட்டும் வுட்டுடுங்கக்கா."

"எந்தப் பாதி?"

"இயக்கத்துக்காரங்க வூட்டுல பூந்து புள்ளைங்கள இட்டுனு போனாங்கன்றது. நம்மாளுங்கள நாமளே சொல்லக்கூடாதுல்ல."

"அந்தப் பிள்ளையள் மட்டும் ஆற்ற ஆக்கள், தம்பி?"

"இப்ப அதுக்கு நேரம் இல்லக்கா. ஜனங்க கொழம்பிப்பூடுவாங்க."

"அப்ப என்னத்துக்கு என்னைக் கூப்பிட்டனீங்கள்? மேடையில ஒரு ரேடியோவை வையுங்கோ. நீங்கள் திருப்பின பக்கம் பாடும்." பையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டார்.

பஸ் ஸ்டாண்டு வரை பின்னால் ஓடினேன். "அஞ்சு நிமிஷம் அனுசரிச்சு போயிருக்கலாம்லக்கா? எனக்கு எவ்ளோ அசிங்கமா போச்சு தெரியுமா?" என்றேன். அவர் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தார். ஜன்னல் வழியாக, "நீ எனக்காக ஓடி வந்தனியோ, உனக்காக ஓடி வந்தனியோ?" என்று கேட்டார். பஸ் போய்விட்டது.

அடுத்த நாள் பின்னூட்டத்தில் ஒருத்தன் எழுதியிருந்தான்: "கடலூர் முகாமில் அரசாங்கச் சோறு தின்றுகொண்டு ஊளையிடும் பெண்ணே." அதுவரை அவர் எந்த நாட்டில் இருக்கிறார் என்பதே வலைப்பூவில் யாருக்கும் தெரியாது. கூட்டத்தில் இருந்தவர்களில் ஒருத்தன்தான். முகாமிலும் விசாரணை வந்தது. கூட்டத்தன்றைக்கு முகாமில் செக்கிங் நடந்து, பெயர் கூப்பிட்டபோது அக்கா இல்லை. அந்த மாத உதவிப்பணம் அவருக்கு நின்றுபோனது. அதைக்கூட பாய் சொல்லித்தான் தெரியும்.

அதற்கப்புறம்தான் சலூன் பதிவு.

அந்தச் சனிக்கிழமை சின்னவன் சொன்னது இது. ஊர் முக்கில் ஒரு சலூன், காத்திருக்கிறவர்களுக்கு சுவரோரம் ஒரு வாங்கு, அதாவது பெஞ்சு. முடிவெட்டுகிற நாற்காலியில், அவர்கள் பேச்சில் கதிரையில், ஒரு பெடியன், பத்தொன்பது வயது, நம் பிளஸ் டூ மாதிரி ஏ.எல். எழுதிவிட்டுச் சும்மா இருந்தவன். பாதி முகம் வழித்தாகிவிட்டது. வேன் வந்து நின்றது, முகம் மூடிய இரண்டு பேர் உள்ளே வந்தார்கள். சோப்பு நுரையோடு அவனைத் தூக்கிக்கொண்டு போனார்கள். கழுத்தில் கட்டிய துண்டும் அவனோடேயே போய்விட்டது.

"வாங்கில மூண்டு பேர் இருந்தம் அக்கா. அடுத்தது நான். நான் அசையேல்ல. கத்தி சலூன்காரன்ர கையில நுரையோட நிக்குது, நான் அதைத்தான் பாத்துக்கொண்டு இருந்தனான்."

அக்கா எழுதியது: "வாங்கில் இருந்தது இரண்டு பேர். சலூன்காரர் ஒருவர். இல்லாதவர்: டிராக்டர்காரர், நெல் ஏற்றப் போயிருந்தார்."

"அக்கா, மூணு பேருன்னாரே. அவரும் இருந்தேன்னாரே."

"நான் எழுதினதை டைப் பண்ணு."

"சுனாமி கதையில என்னைய மட்டும் அந்த புடி புடிச்சீங்க?"

"டைப் பண்ணு எண்டுறன்."

பழைய பதிவுகளைத் திருப்பிப் பார்த்தேன். எல்லாவற்றிலும் டிராக்டர்காரர் இல்லாதவர். எங்கேயோ போயிருந்தார், காய்ச்சல், சந்தை, மாமியார் வீடு. நான் என்ன நினைத்தேன் தெரியுமா? தம்பி என்கிற பாசம், கெட்ட இடத்தில் அவன் பெயரைச் சேர்க்க அவருக்கு மனசு வரவில்லை என்று நினைத்தேன். கணக்கு கணக்கு என்று உயிரை எடுக்கிறவர் சொந்தத் தம்பி என்றதும் கணக்கில் கைவைக்கிறார் என்று உள்ளுக்குள் ஒரு திருப்திகூட இருந்தது.

அந்தப் பெடியனின் அம்மா யாரையோ பிடித்து அந்தப் பதிவை அச்செடுத்துக்கொண்டு அலுவலகம் அலுவலகமாக ஏறினார். மகனைக் கொண்டுபோனார்கள் என்பதற்கு அவரிடம் இருந்த ஒரே தாள் அதுதான் என்று சின்னவன் சொன்னார். ஆனால் பின்னூட்டத்தில் ஒருத்தன் விடவில்லை. "பாதி முகம் வழித்திருந்ததாம்! கடலூரிலிருந்து கண்ணாடியில் பார்த்தாயோ?" அடுத்த நாள்: "சொன்ன ஆள் யார்? சலூன்காரனா? அவன் ஒன்றும் நடக்கவில்லை என்கிறானே." அதற்கடுத்த நாள்: "ஒரு சாட்சிகூட இல்லாத கதை." தினமும் வந்து குத்தினான். அக்கா இரண்டு சனிக்கிழமையாக வரவில்லை. முகாமில் அடிக்கடி செக்கிங் என்று டெய்லரிடம் சொல்லி அனுப்பியிருந்தார். எனக்கு ரத்தம் கொதித்தது. உண்மை நம் பக்கம் இருக்கிறது, ஆதாரம் இருக்கிறது, ஒரு வரி சரியாக எழுதினால் இவன் வாய் அடைபட்டுவிடும். படித்தவன் அப்படித்தான் நினைப்பான். உண்மையைச் சரியாகச் சொன்னால் எதிராளி ஒத்துக்கொள்வான் என்று பள்ளிக்கூடத்தில் எனக்குச் சொல்லிக்கொடுத்ததை நான் ஒருத்தன் மட்டும் நம்பியிருந்தேன் போல.

பதிவைத் திறந்து திருத்தினேன். "வாங்கில் இருந்தது மூன்று பேர். டிராக்டர்காரரும் அங்கே இருந்தார். அடுத்துக் கதிரையில் உட்கார வேண்டியவர் அவர்தான்." கீழே, "முந்தைய பிழைக்கு வருந்துகிறோம்" என்று வேறு சேர்த்தேன். குத்தினவன் அதற்கப்புறம் வரவே இல்லை. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

பத்து நாள் கழித்து சின்னவனைத் தூக்கினார்கள்.

நான் முதலில் சொன்ன அந்தச் சனிக்கிழமை, அக்கா துணி மூட்டை இல்லாமல் மாடியேறி வந்தார். தம்பி மனைவி முகாமுக்குப் போன் பண்ணியிருக்கிறார். என்னை ஒன்றும் கேட்காமல் சலூன் பதிவைத் திறக்கச் சொன்னார். விரலை ஸ்கிரீனில் வைத்து ஒவ்வொரு வரியாக வாசித்தார். மூன்று பேர் என்ற இடத்தில் விரல் நின்றது.

"ஆர் மாத்தினது?"

பாய் என்னைப் பார்த்தார்.

"நான்தாங்க்கா. நீங்க தப்பா எழுதியிருந்தீங்க..."

"தப்பா?"

"அவரு இருந்தேன்னு சொன்னத நானே கேட்டேன். நீங்கதான எப்பவும்..."

"எனக்குச் சொல்லுறவனை நான் ஒருநாளும் 'இருந்தவன்' எண்டு எழுதினதில்லை," என்றார். சத்தமே இல்லாமல் சொன்னார். "சொல்லுறவன் எப்பவும் இல்லாதவன். அது உனக்கு விளங்கேல்லையோ?"

"நீங்க சொன்னாதான தெரியும்!" கத்திவிட்டேன். ரிசல்ட் பார்த்துக்கொண்டிருந்த பெண்ணும் அவள் அப்பாவும் திரும்பிப் பார்த்தார்கள்.

அக்கா அவர்களைக் காட்டினார். "இதை எங்க வைச்சுச் சொல்ல? இஞ்சயோ?"

டிராக்டர்காரர் என்றால் யாருக்குத் தெரியும் என்று நினைத்தேன் என்று உளறினேன். சொல்லும்போதே எனக்குப் புரிந்துவிட்டது. எங்கள் குப்பத்தில் ஐஸ் வண்டிக்காரர் என்று சொன்னால் அது ஒரே ஒரு ஆள். கைக்குழந்தையும் காட்டும். குப்பத்தில் பிறந்த எனக்கு இது தெரியாமல் போயிற்று.

"அழிச்சுடட்டுமாக்கா?"

"அழிச்சா, ஓம், அது அவன்தான் எண்டு சொன்ன மாதிரி." நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டுக்கொண்டார். "புதுசா ஒண்டு போடு. நான் சொல்லுறன்."

டைப் செய்தேன். அவருடைய வழக்கப்படியே ஆரம்பித்தது. இருந்தவர்கள்: ஒருவரும் இல்லை. இந்த வலைப்பூவை எழுதுகிற நான் பதினேழு வருடமாக இந்தியாவில் இருக்கிறேன். எனக்கு அங்கிருந்து ஒருவரும் எதுவும் சொல்லவில்லை. எழுதிய எல்லாம் என் கற்பனை. சலூனும் கற்பனை. அந்தப் பெடியனும்.

கை நின்றுவிட்டது. "அந்தப் பையனையுமாக்கா? அவங்கம்மா இந்தத் தாள வச்சிகிட்டுதான அலையுறாங்க?"

"டைப் பண்ணு."

"அக்கா, அவன நெஜமாவே தூக்கிட்டுப் போனாங்க."

"எனக்குத் தெரியும்." என்னை நேராகப் பார்த்தார். "சின்னவனுக்கு மூண்டு பிள்ளையள்."

ஏற்றினேன். அறுபத்தொன்றாவது பதிவு. அதன் பிறகு அதில் ஒன்றும் வரவில்லை.

நடுவாள் ஒருத்தன் தம்பி மனைவிக்குப் போன் செய்து தொகை பேசினான். பணம் உண்டியலில், அதாவது இங்கே சென்னையில் ஒருத்தரிடம் கொடுத்தால் அங்கே ஒருத்தர் கொடுக்கிற வழியில் போனது. பன்னிரண்டாம் நாள் சின்னவன் வீட்டுக்கு நடந்து வந்தார். கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்வாராம், தானாக ஒன்றும் பேசுவதில்லையாம். அந்தக் கடைசிப் பதிவைப் பார்த்து அவரை விடுவித்தார்களா, காசுக்கு விடுவித்தார்களா, எனக்கு இன்றுவரை தெரியாது. யாரிடம் கேட்பது?

அக்கா அதற்கப்புறமும் டெய்லர் கடைக்கு வந்துகொண்டுதான் இருந்தார். மாடிக்கு வரமாட்டார். நான் இறங்கிப் போவேன். ஹூக் விலை ஏறிவிட்டது, நூல் சாயம் போகிறது என்று பேசுவார். என்னைத் திட்டியதே இல்லை. திட்டியிருக்கலாம். ஒருநாள் நானாக, "பஸ்ல ஒரு சண்டக்கா..." என்று ஆரம்பித்து, அவர் கையைத் தூக்குவார் என்று காத்திருந்தேன். "ம், சொல்லு," என்றார். அவ்வளவுதான். யார் இருந்தது, யார் இல்லாதது என்று கேட்கவே இல்லை.

இரண்டாயிரத்துப் பதினொன்றில், படிப்பு முடிந்தும் நான் சென்டரிலேயே இருந்தபோது, வலைப்பூவின் மின்னஞ்சலுக்கு ஒரு கடிதம் வந்தது. அந்தப் பெடியனின் அம்மா யாரிடமோ சொல்லி எழுதுவித்தது. மகன் இன்னும் திரும்பவில்லையாம். விசாரணை ஒன்றுக்கு அந்தப் பழைய தாளைக் கொண்டுபோனாராம். அங்கே உட்கார்ந்திருந்தவர் இன்னொரு தாளை எடுத்து வைத்து, "எழுதினவரே பொய் என்று எழுதியிருக்கிறாரே அம்மா" என்றாராம். நடந்தது உண்மை என்று ஒரு வரி எழுதித் தர முடியுமா என்று கேட்டிருந்தார். அச்செடுத்துக் கீழே கொண்டுபோய்க் கொடுத்தேன். அக்கா இரண்டு தடவை வாசித்தார். மடித்து என் சட்டைப் பையில் வைத்தார்.

"சின்னவன் இன்னும் அங்கதான் இருக்கிறான்," என்றார். ஊசியில் நூல் கோர்க்கப் போய்விட்டார்.

நானும் பதில் எழுதவில்லை. சின்னவன் இப்போது குடும்பத்தோடு வேறு நாட்டில் இருக்கிறார் என்று உறுதியான பிறகுதான் இதை எழுதுகிறேன். சலூனில் இருந்தவர்கள்: கதிரையில் அந்தப் பெடியன், சலூன்காரர், வாங்கில் மூன்று பேர். நான் அங்கே இல்லை. இருந்தவர் சொல்ல நான் கேட்டேன். அந்த அம்மாவுக்கு இனி இது உதவுமா, தெரியவில்லை.

சின்னவனுக்குக் கேட்ட தொகை நம் காசுக்கு ஒரு லட்சத்து அறுபதாயிரம். அக்காவின் சங்கிலி, முகாமில் ஆளாளுக்குக் கொடுத்தது, பாய் கொடுத்தது, என் அம்மா படகு நிவாரணத்தில் மிச்சம் பிடித்து வைத்திருந்த ஒன்பதாயிரம். அந்தப் பெடியனின் அம்மாவும் கடிதத்தில் தொகையைப் பற்றி எழுதியிருந்தார். வீட்டை விற்றாவது கொடுக்க அவர் தயாராக இருந்தாராம். அவரிடம் அதுவரை யாரும் ஒரு ரூபாய்கூடக் கேட்கவில்லையாம்.